ஃப்ராக்கிங் கழிவுத்தண்ணி எங்க போகுது, யாரு கேக்குறாங்க? அடிக்கடி வர்ற கேள்விகளும் பதிலும்

ஃப்ராக்கிங்னா, பூமிக்கடியில இருக்குற பாறைய தண்ணி அழுத்தத்தால உடைச்சு கேஸ், எண்ணெய் எடுக்குறது. அந்தப் பேச்சு எடுத்தாலே எல்லாரும் உள்ள போற தண்ணியப் பத்திதான் கேக்குறாங்க, எவ்ளோ தண்ணி குடிக்கும், என்ன கெமிக்கல் கலக்குறாங்கன்னு. அதெல்லாம் கேக்க வேண்டியதுதான், ஆனா வெளிய வர்ற தண்ணிய எங்க கொண்டுபோய் ஊத்துறாங்கன்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. அமெரிக்காவுல பதினஞ்சு வருஷத்துக்கு மேல இந்த ஒரு விஷயத்துலதான் பெரிய பெரிய தப்பு நடந்திருக்கு, ஆறு கெட்டிருக்கு, நிலம் நடுங்கியிருக்கு. அதனால இந்தப் பக்கம் முழுக்க அந்தக் கழிவுத்தண்ணியும் அதுக்கான சட்டமும் மட்டும்தான்.

முதல்ல இந்தக் கழிவுத்தண்ணி எங்கேருந்து வருது?

ஒண்ணரை ரெண்டு கிலோமீட்டர் ஆழத்துல ஷேல்னு ஒரு இறுக்கமான பாறை இருக்கும், கேஸும் எண்ணெயும் அதுக்குள்ள மாட்டிக்கிட்டு இருக்கும். கீழ வரைக்கும் துளை போட்டு, அப்புறம் பக்கவாட்டுல திருப்பி, தண்ணியும் மணலும் கொஞ்சம் கெமிக்கலும் கலந்து பயங்கர அழுத்தத்துல உள்ள தள்ளுவாங்க, பாறை வெடிச்சு விரியும், மணல் அந்த விரிசல மூடவிடாம தாங்கிக்கும். அழுத்தத்த விட்டதும் தண்ணி திரும்ப மேல வரும்.

முதல் சில வாரத்துல வர்றது பெரும்பாலும் இவங்க உள்ள விட்ட தண்ணி. அதுக்கப்புறம் கிணறு ஓடுற வருஷக்கணக்குக்கும் வந்துகிட்டே இருக்குறது பாறைக்குள்ள கோடிக்கணக்கான வருஷமா கிடந்த பழைய கடல் தண்ணி. கேஸ் வேணும்னா இந்தத் தண்ணியும் சேர்ந்துதான் வரும், அத மட்டும் வேணாம்னு சொல்ல முடியாது.

எவ்ளோ தண்ணின்னு ஒரு கணக்கு சொல்லுங்க

பென்சில்வேனியா பக்கம் மார்செல்லஸ் ஷேல்ல ஆரம்ப காலத்துல ஒரு கிணத்துக்கு 40, 50 லட்சம் கேலன், அதாவது ஒண்ணரை கோடியிலேருந்து ஏறக்குறைய ரெண்டு கோடி லிட்டர் உள்ள போச்சு. சென்னையில ஓடுற 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்குல பாத்தா சுமார் 1,250லேருந்து 1,600 லாரி வரைக்கும். அங்க திரும்பி வர்றது அதுல ஒரு பங்குதான். ஆனா டெக்சாஸ், நியூ மெக்சிகோ எல்லையில இருக்குற பெர்மியன் படுகையில கதை வேற, அங்க ஒரு பேரல் எண்ணெய் எடுத்தா கூடவே மூணு நாலு பேரல் உப்புத் தண்ணி வருது. எண்ணெய விட தண்ணிதான் அங்க அதிகமா எடுக்குறாங்கன்னே சொல்லலாம்.

அது வெறும் உப்புத் தண்ணிதானே, அதுல என்ன ஆபத்து?

கடல் தண்ணியில லிட்டருக்கு சுமார் 35,000 மில்லிகிராம் உப்பு. மார்செல்லஸ் தண்ணியில 2,00,000க்கும் மேல போகும். ஒரு வயல்ல கொட்டினா அந்த மண்ணுல பல வருஷத்துக்குப் பயிர் வராது. உப்போட நிக்கல, பேரியம், ஸ்ட்ரான்ஷியம், புரோமைடு இருக்கு, பாறையிலேருந்து கரைஞ்சு வர்ற ரேடியமும் இருக்கு. ரேடியம் கதிரியக்கப் பொருள். அமெரிக்காவுல குடிதண்ணியில ரேடியம் லிட்டருக்கு 5 பிக்கோகியூரிக்கு மேல (கதிரியக்கத்த அளக்குற அலகு அது) இருக்கக் கூடாதுன்னு விதி, மார்செல்லஸ் தண்ணியில அந்த நாட்டு நிலவியல் ஆய்வு மையம் தொகுத்த கணக்குல நடுமதிப்பே 2,000க்கு மேல. நானூறு மடங்குக்கும் அதிகம்.

இதுல ஒண்ணு கவனிங்க. இந்த ரேடியத்த கம்பெனி கலக்கல, பூமிதான் குடுக்குது. அதனால "நாங்க கலக்குற கெமிக்கல் 1 சதவீதத்துக்கும் கம்மி, எல்லாம் வீட்ல பயன்படுத்துறதுதான்"னு விளம்பரத்துல சொல்றது கழிவுத்தண்ணி கேள்விக்கு பதிலே இல்ல.

ஊர் சாக்கடைத் தண்ணிய சுத்தம் பண்ற பிளான்ட்டுக்கு அனுப்பினா சரியாகிடாதா?

சரியாகாது. இத நம்பித்தான் பென்சில்வேனியாவுல ஆரம்பத்துல பெரிய தப்பு நடந்துச்சு. சாக்கடை பிளான்ட்டுல வேலை செய்யறது பாக்டீரியா, அது மலக்கழிவ தின்னும், உப்ப தின்னாது, ரேடியத்த தின்னாது. ஒரு பக்கம் உள்ள போன உப்பு மறுபக்கம் அப்படியே ஆத்துல போய் விழும்.

2008ல பென்சில்வேனியாவுல அதான் நடந்துச்சு. டேங்கர்ல கொண்டுவந்து ஊர் பிளான்ட்டுகள்ல விட்டாங்க, அங்கேருந்து மனோங்கஹீலா ஆத்துக்குப் போச்சு, பிட்ஸ்பர்க் சுத்துவட்டாரத்துல லட்சக்கணக்கான பேர் குடிக்குற ஆறு அது. அந்த வருஷம் மழை கம்மி, ஆத்துல ஓட்டம் இல்ல, பழைய நிலக்கரிச் சுரங்கத் தண்ணியும் ஏற்கனவே கலந்துகிட்டு இருந்துச்சு, எல்லாம் சேர்ந்து அக்டோபர்ல உப்பு அளவு லிட்டருக்கு 500 மில்லிகிராம்ங்கற வரம்பத் தாண்டிடுச்சு. அப்புறம்தான் மாநில அரசு பிளான்ட்டுகளக் கூப்பிட்டு வாங்குறதக் குறைங்கன்னு உத்தரவு போட்டுச்சு.

புரோமைடு பிரச்சனை இன்னும் நுணுக்கமானது. புரோமைடு ஆத்துல இருக்கும்போது பெருசா ஒண்ணும் பண்ணாது. கீழ இருக்குற ஊர் அந்தத் தண்ணிய எடுத்து குளோரின் போடும்போதுதான் ரெண்டும் சேர்ந்து ட்ரைஹேலோமீத்தேன்னு ஒரு வகைப் பொருளா மாறுது, ரொம்ப நாள் குடிச்சா கேன்சர் வரலாம்ங்கற சந்தேகப் பட்டியல்ல இருக்குறது அது. கெடுத்தவன் மேல இருக்கான், சுத்தம் பண்ணக் குளோரின் போட்ட ஊர்க்காரன் தலையில பழி விழுது.

அதுக்கப்புறம் விதி கொண்டுவரலையா?

கொண்டுவந்தாங்க, பாதியா. 2010 ஆகஸ்ட்ல புது விதி, புதுசா அனுமதி வாங்குற பிளான்ட் எல்லாம் உப்ப 500 மில்லிகிராமுக்குக் கீழ கொண்டுவந்துதான் ஆத்துல விடணும். நல்ல விதிதான், ஆனா ஏற்கனவே வாங்கிகிட்டு இருந்த பழைய பிளான்ட்டுகளுக்கு விலக்கு. தண்ணி எல்லாம் அந்த விலக்குக்குள்ள ஓடிச்சு. 2011 ஏப்ரல்ல அரசாங்கம் கம்பெனிகளப் பாத்து, மே 19க்குள்ள நீங்களா நிறுத்திக்கங்கன்னு கேட்டுச்சு. கேட்டுச்சுன்னுதான் சொல்றேன், சட்டப்படி தடை போடல. பெரும்பாலானவங்க நிறுத்தினாங்கங்கறது உண்மை. நாடு முழுக்க, ஷேல் மாதிரி பாறையிலேருந்து வர்ற கழிவுத்தண்ணிய ஊர் சாக்கடை பிளான்ட்டுக்கு அனுப்பக் கூடாதுன்னு மத்திய சுற்றுச்சூழல் ஏஜென்சியான ஈபிஏ சட்டமாப் போட்டது 2016 ஜூன்ல. 2008ல தெரிஞ்ச விஷயத்துக்கு எட்டு வருஷம்.

இதுக்கு நடுவுல, பென்சில்வேனியாவுலயே இந்தியானா கவுன்ட்டிங்கற மாவட்டத்துல ஜோசஃபைன்ங்கற ஊர்ல எண்ணெய், கேஸ் கழிவுத்தண்ணிய மட்டும் சுத்திகரிக்குற ஒரு தனி பிளான்ட் இருந்துச்சு, அது தண்ணி விடுற பிளாக்லிக் ஓடையில டியூக் பல்கலைக்கழகத்துக்காரங்க சேத்த எடுத்துப் பாத்தாங்க. விடுற இடத்துல சேத்துல இருந்த ரேடியம் மேல் பக்கத்து சேத்த விட சுமார் 200 மடங்கு. 2013ல வெளியான ஆய்வு. அந்த பிளான்ட் ரேடியத்துல பெரும்பகுதியப் பிடிச்சு வச்சுதான் மிச்சத்த விட்டுச்சு, அப்படியும் கொஞ்சம் கொஞ்சமா சேத்துல படிஞ்சு இவ்ளோ சேர்ந்திருக்கு. ஓடுற தண்ணிய மட்டும் டெஸ்ட் பண்ணா இது தெரிஞ்சிருக்காது, சேத்தையும் எடுத்துப் பாக்கணும்.

கதிரியக்கம் இருக்குன்னா அது அபாயக் கழிவுதானே, அதுக்குன்னு கடுமையான சட்டம் இருக்குமே?

என்னை ரொம்ப கோபப்படுத்துற கேள்வி இதுதான், ஏன்னா பதில் "இல்ல, அப்படி சட்டம் இல்ல"ங்கறதுதான். அமெரிக்காவுல கழிவு பத்தின சட்டத்துல 1980ல ஒரு திருத்தம், எண்ணெய், கேஸ் எடுக்கும்போது வர்ற கழிவ இப்போதைக்கு அபாயக் கழிவு விதிக்குள்ள சேர்க்க வேணாம், ஆய்வு பண்ணிட்டு முடிவெடுங்கன்னு. 1988ல ஈபிஏ ஆய்வு பண்ணி, சேர்க்கத் தேவையில்லன்னு சொல்லிடுச்சு. 2019ல மறுபடி பாத்துட்டு மாத்த வேண்டியதில்லன்னு திரும்பவும் சொன்னாங்க.

இதோட அர்த்தம் என்னன்னா, ஒரே தண்ணி ஒரு பெயின்ட் ஃபேக்டரியிலேருந்து வந்திருந்தா உள்ள என்ன இருக்குன்னு டெஸ்ட் பண்ணி, அபாயக் கழிவுன்னு முத்திரை குத்தி, ஒவ்வொரு லாரிக்கும் ரசீது போட்டு கடைசி வரைக்கும் கண்காணிப்பாங்க. எண்ணெய்க் கிணத்துலேருந்து வந்தா அந்த டெஸ்ட்டே வேணாம். தண்ணியில என்ன இருக்குன்னு பாக்காம, அது எந்தத் தொழில்லேருந்து வந்துச்சுன்னு பாத்து சட்டம் போட்டா இப்படித்தான் ஆகும். என்னைப் பொறுத்தவரை எல்லா ஓட்டையும் இங்கதான் ஆரம்பிக்குது.

2005ல ஏதோ சட்ட விலக்குன்னு சொல்றாங்களே, அதுவும் இதுவும் ஒண்ணா?

இல்ல, நிறைய பேர் குழப்பிக்கிறாங்க. 2005 எரிசக்தி சட்டம் விலக்கு குடுத்தது பாறைய உடைக்க உள்ள தள்ளுற தண்ணிக்கு, டீசல் கலந்தா மட்டும் அந்த விலக்கு கிடையாது. திரும்பி வந்த கழிவுத்தண்ணிய வேற ஒரு கிணத்துல இறக்குறதுக்கு அந்த விலக்கு இல்ல, அது 1974ல வந்த குடிநீர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குக் கீழதான் வரும்.

சரி, இப்ப அந்தத் தண்ணியெல்லாம் எங்கதான் போகுது?

பெரும்பகுதி பூமிக்குள்ளயே திரும்பப் போகுது. இதுக்குன்னே இருக்குற ஆழ்துளைக் கிணறுகளுக்கு 'இரண்டாம் வகுப்பு' கிணறுன்னு பேரு, நாடு முழுக்க சுமார் 1,80,000 இருக்கு. அதுல அஞ்சுல ஒரு பங்குதான் கழிவ இறக்கிப் புதைக்க, மிச்சம் பழைய எண்ணெய் வயல்ல அழுத்தம் குடுத்து எண்ணெய் எடுக்க.

விதி என்ன சொல்லுதுன்னா, லிட்டருக்கு 10,000 மில்லிகிராமுக்குக் கீழ உப்பு இருக்குற எந்த நிலத்தடி நீரும் நாளைக்குக் குடிநீரா மாறலாம், அதனால அதுல படாம அதுக்குக் கீழ இறக்கணும். இரும்புக் குழாய் போட்டு சுத்தி சிமெண்ட் அடைக்கணும், அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கசிவு டெஸ்ட் பண்ணணும், பக்கத்துல யாரோ எப்பவோ போட்டுட்டு மூடாம விட்ட பழைய கிணறு இருக்கான்னு பாக்கணும். இந்தக் கடைசி விஷயம்தான் நடைமுறையில ரொம்பக் கஷ்டம், நூறு வருஷத்துக்கு முன்னாடி போட்ட கிணறுக்கு ரெக்கார்டே இருக்காது, கீழ தள்ளுற தண்ணி அது வழியா மேல ஏறி வந்துடும். டெக்சாஸ் மேற்குல இப்ப அதான் நடக்குது, பழைய கிணறுகள்லேருந்து உப்புத் தண்ணி பொங்கி வருது.

இந்த விதிய நடத்துற பொறுப்ப பெரும்பாலும் மாநிலங்களே வாங்கி வச்சிருக்கு. டெக்சாஸ்ல அது ரயில்ரோடு கமிஷன் கையில, பேருதான் ரயில், இன்னைக்கு பாக்குறது எண்ணெயும் கேஸும். பென்சில்வேனியா அந்தப் பொறுப்ப வாங்கிக்கல, அங்க கழிவுக் கிணறுக்கு அனுமதி ஈபிஏ நேரடியாக் குடுக்கணும், கிணறும் ரொம்பக் கம்மி. அதனால தண்ணி லாரியில ஏறி பக்கத்து ஒஹாயோவுக்குப் போச்சு. கேஸ் லாபம் ஒரு மாநிலத்துக்கு, கழிவு இன்னொரு மாநிலத்துக்கு.

தண்ணிய உள்ள தள்ளினா நிலநடுக்கம் வரும்னு சொல்றது உண்மையா, இல்ல பயமுறுத்துறாங்களா?

உண்மை, அதுவும் அரை நூற்றாண்டுக்கு முன்னாடியே தெரிஞ்ச உண்மை. டென்வர் பக்கத்துல ராக்கி மவுன்டன் ஆர்சனல்னு ஒரு ராணுவ ரசாயனத் தொழிற்சாலை, 1962ல கழிவத் தண்ணியா மூணரை கிலோமீட்டருக்கும் மேல ஆழத்துல இறக்க ஆரம்பிச்சாங்க. நிலநடுக்கமே பெருசா இல்லாத இடத்துல அடுத்தடுத்து நடுக்கம். டேவிட் எவன்ஸ்ங்கற நிலவியலாளர் 1965ல கழிவு இறக்குன அளவையும் நடுக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டினார். 1966ல நிறுத்தினாங்க. நிறுத்தினதுக்கு அப்புறம் 1967லதான் எல்லாத்துலயும் பெரிய நடுக்கம் வந்துச்சு. காரணம் என்னன்னா, கீழ பாறையில ஏற்கனவே பழைய பிளவு இருக்கும், ரெண்டு பக்கமும் அழுத்திப் பிடிச்சு நகராம நிக்கும், தண்ணி அழுத்தம் அங்க போய்ச் சேந்தா அந்தப் பிடி தளந்து நகந்துடும். தண்ணிய நிறுத்தினாலும் ஏற்கனவே போன அழுத்தம் பரவிக்கிட்டே இருக்கும், அதனாலதான் நிறுத்தின பிறகும் ஆடும்.

இவ்ளோ தெரிஞ்சும் ஒஹாயோவுல, யங்ஸ்டவுன் ஊர்ல, அடியில இருக்குற பழமையான அடித்தளப் பாறை வரைக்கும் துளை போட்டு 2010 டிசம்பர்ல தண்ணி இறக்க ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி அந்த ஊர்ல நிலநடுக்கம் பதிவானதே இல்ல. அடுத்த ஒரு வருஷத்துல நூத்துக்கும் மேல சின்னச் சின்ன நடுக்கம். 2011 டிசம்பர் 30ல நிறுத்தச் சொன்னாங்க, மறுநாளே ரிக்டர்ல 4 அளவுக்கு ஆடிச்சு. 2012லதான் அடித்தளப் பாறைக்குள்ள துளை போடக் கூடாதுன்னு ஒஹாயோவுல விதி வந்துச்சு.

ஓக்லஹோமாவுலதானே ரொம்ப மோசமா இருந்துச்சு?

ஆமா. 2009க்கு முன்னாடி அந்த மாநிலத்துல 3க்கு மேல நடுக்கம் வருஷத்துக்கு ஒண்ணோ ரெண்டோ. 2015ல மட்டும் 900 பக்கம் வந்துச்சு. 2011 நவம்பர்ல பிரேக் ஊர்ல 5.7, 2016 செப்டம்பர் 3ல பானீ பக்கம் 5.8, அந்த மாநிலத்துல பதிவானதுலயே பெருசு அதான். நவம்பர்ல குஷிங்ல 5.0, நாட்டோட மிகப் பெரிய எண்ணெய்க் கிடங்கு ஊர் அது.

இங்க ஒரு நியாயமும் சொல்லணும். ஓக்லஹோமாவுல இறக்கின தண்ணியில பெரும்பகுதி பாறைய உடைக்க விட்ட தண்ணி இல்ல, எண்ணெயோட சேர்ந்து வந்த பழைய உப்புத் தண்ணி. அத ஆர்பக்கிள்னு ஒரு சுண்ணாம்புப் பாறை அடுக்குல இறக்கினாங்க, அதுக்கு நேர் கீழயே அடித்தளப் பாறை. ஃப்ராக்கிங்தான் ஆட்டிச்சுன்னு சொல்றவங்க தப்பு, இது ஃப்ராக்கிங் இல்ல, அதனால எங்களுக்குப் பொறுப்பில்லன்னு சொன்ன கம்பெனிகளும் தப்பு.

மாநில நிலவியல் துறை பெரும்பாலான நடுக்கத்துக்குக் காரணம் கழிவுத்தண்ணிதான்னு வாய்விட்டு சொன்னது 2015 ஏப்ரல்ல. 2016 ஆரம்பத்துல அங்க பொறுப்புல இருக்குற கார்ப்பரேஷன் கமிஷன் நானூறுக்கும் மேல கிணறுகள்ல இறக்குற அளவ 40 சதவீதம் குறைக்கச் சொல்லுச்சு. எண்ணெய் விலை விழுந்ததும் சேந்துகிச்சு, 2018ல நடுக்கம் 200 பக்கத்துக்குக் குறைஞ்சுது. அதாவது விதி போட்டா வேலை செய்யுது. நாலஞ்சு வருஷம் முன்னாடி போட்டிருக்கலாம், வீடு விரிசல் விட்டவங்க, புகைக்கூண்டு சரிஞ்சு விழுந்தவங்க எல்லாம் தப்பிச்சிருப்பாங்க.

விதி இருந்தா எல்லாரும் கடைப்பிடிப்பாங்களா?

கண்காணிப்பு இல்லன்னா மாட்டாங்க. யங்ஸ்டவுன்லயே ஒரு கம்பெனி முதலாளி 2012 நவம்பர்லேருந்து 2013 ஜனவரி வரைக்கும் முப்பது தடவைக்கு மேல ராத்திரியில கழிவ மழைநீர் வடிகால்ல திறந்துவிடச் சொல்லி, அது மஹோனிங் ஆத்துல போய் கலந்துச்சு. 28 மாசம் ஜெயில் தண்டனை. நார்த் டகோட்டாவுல 2014 ஆகஸ்ட்லேருந்து 2015 ஜனவரி வரைக்கும் ஒரு பைப்லைன் உடைஞ்சு ஏறக்குறைய 2.9 கோடி கேலன், அதாவது 11 கோடி லிட்டர் உப்புத் தண்ணி வெளிய போச்சு. அஞ்சு மாசம்! 2021ல அந்தக் கம்பெனி 3.5 கோடி டாலர் கட்ட ஒத்துக்கிச்சு. ஒரு பைப்புல உள்ள போற அளவும் வெளிய வர்ற அளவும் ஒண்ணா இருக்கான்னு தினமும் பாத்தா தெரிஞ்சிருக்கும் விஷயம் இது.

மறுசுழற்சி பண்ணி திரும்பப் பயன்படுத்தினா முடிஞ்சுதே?

பண்றாங்க, பென்சில்வேனியாவுல பெரும்பகுதிய அடுத்த கிணத்த உடைக்கத் திரும்ப விடுறாங்க, நல்ல விஷயம்தான். ஆனா புதுக் கிணறு போட்டுக்கிட்டே இருந்தாதான் அது நடக்கும். போடுறத நிறுத்திட்டா பழைய கிணறுலேருந்து வர்ற தண்ணி நிக்காது, போக இடம் இருக்காது. அதோட சுத்தம் பண்ணா மிஞ்சுற உப்புச் சேறுல ரேடியம் அடர்த்தியாயிடும், அது குப்பைக்கிடங்குக்குப் போகும், மழை பெஞ்சா அங்கேருந்து கசியும். 2019ல பென்சில்வேனியாவுல பெல் வெர்னான்ங்கற சின்ன ஊர்ல இப்படிக் கிடங்குக் கசிவ வாங்கி சாக்கடை பிளான்ட்டோட பாக்டீரியாவே செத்துப்போய், கோர்ட் போய் நிறுத்த வேண்டியதாச்சு.

நம்ம டெல்டாவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

2020ல தமிழ்நாடு அரசு கொண்டுவந்த பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துல, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், அதோட புதுக்கோட்டை, கடலூர்ல சில பகுதியில, புதுசா எண்ணெய், கேஸ், நிலக்கரி மீத்தேன், ஷேல் கேஸ் எடுக்கத் தடை. நெடுவாசல் மாதிரி ஊர்கள்ல ஜனங்க தெருவுல உக்காந்து வாங்கின சட்டம்னே நான் நினைக்கிறேன். ஆனா சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஓடிக்கிட்டு இருந்த கிணறுகள் அந்தத் தடைக்குள்ள வராது. அந்தக் கிணறுகள்லேயும் எண்ணெயோட தண்ணி வரும். மத்திய அரசு விதியில, கழிவுத்தண்ணிய கைவிட்ட கிணத்துல இறக்கணும்னா 1,000 மீட்டருக்குக் கீழதான் இறக்கணும்னு இருக்கு.

நம்ம ஊர்ல கருத்துக் கேட்புக் கூட்டம்னு நோட்டீஸ் வந்தா என்ன கேக்கணும்?

ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி திரும்பி வரும், பத்து வருஷம் கழிச்சு எவ்ளோ வரும்னு கேளுங்க. எந்தக் கிணத்துல, எந்த அடுக்குல, எத்தனை மீட்டர்ல இறக்கப் போறீங்க, அந்த அடுக்குக்கு மேலயும் கீழயும் என்ன பாறைன்னு கேளுங்க. சுத்தி ரெண்டு கிலோமீட்டருக்குள்ள இருக்குற பழைய கிணறு எல்லாத்தோட லிஸ்ட்டும், எத எப்ப எப்படி மூடினாங்கங்கற ரெக்கார்டும் கேளுங்க. ரேடியம் டெஸ்ட் யாரு பண்ணுவாங்க, ரிசல்ட் பஞ்சாயத்துக்கு வருமான்னு கேளுங்க. வேலை ஆரம்பிக்குறதுக்கு முன்னாடியே ஊர்ல இருக்குற நாலு கிணத்துத் தண்ணிய உப்பு, குளோரைடு, பேரியம், புரோமைடு எல்லாத்துக்கும் டெஸ்ட் பண்ணி ரிப்போர்ட்ட தேதியோட பத்திரமா வச்சுக்கங்க, ஏன்னா பின்னாடி தண்ணி உப்பாச்சுன்னா "முன்னாடியே அப்படித்தான் இருந்துச்சு"ன்னுதான் முதல் பதில் வரும்.